டேட்டா சென்டருக்கு ஊர் கட்டுப்பாடு போட்டால் ஸ்டீல் வேலைக்கு என்ன ஆகும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்டீல் டீடெய்லிங் (பட்டறைக்கான விவர வரைபடம் தயாரிப்பது), ஃபேப்ரிகேஷன் (ஸ்டீலை வெட்டி, துளையிட்டு, வெல்டிங் செய்வது), டிசைன் வேலை பார்க்கும் நண்பர்கள் கொஞ்ச காலமாக ஒரே மாதிரி சந்தேகங்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுவதை விட ஒரே இடத்தில் போட்டுவிடலாம் என்று தொகுத்தேன். கேட்டவர்களில் பலர் அமெரிக்க வேலைகள் செய்பவர்கள். அதனால் உதாரணங்களும் பெரும்பாலும் அங்கிருந்துதான்.

டேட்டா சென்டர் மாதிரி பெரிய திட்டத்தை ஒரு சின்ன ஊர் நிர்வாகம் தடுத்துவிட முடியுமா?

அமெரிக்காவில் முடியும். எந்த நிலத்தில் என்ன கட்டலாம் என்பது அங்கே பெரும்பாலும் கவுன்ட்டி (நம் மாவட்டம் மாதிரி), நகரசபை கையில் இருக்கிறது. மிசூரி மாநிலத்தின் செயின்ட் சார்ல்ஸ் நகரம் 2025 ஆகஸ்டில் புதிய டேட்டா சென்டர்களுக்கு ஒரு வருடம் தடை போட்டது. வர்ஜீனியாவின் லவுடன் கவுன்ட்டி, உலகத்திலேயே டேட்டா சென்டர்கள் அதிகமாகக் குவிந்த இடம். அங்கே விதிக்குள் வந்தால் யாரையும் கேட்காமல் கட்டலாம் என்று இருந்த உரிமையை 2025 மார்ச்சில் எடுத்துவிட்டார்கள். இனி ஒவ்வொரு திட்டமும் பொது விசாரணைக்கும் ஓட்டெடுப்புக்கும் போக வேண்டும்.

பக்கத்து ஃபேர்ஃபாக்ஸ் கவுன்ட்டி 2024 செப்டம்பரில் தூரக் கணக்கு கொண்டுவந்தது: குடியிருப்பு எல்லையிலிருந்து 200 அடி, மெட்ரோ ரயில் நிலைய வாசலிலிருந்து ஒரு மைல். அட்லாண்டாவும் அதே ஆண்டு ரயில் நிலையங்களைச் சுற்றியும் பெல்ட்லைன் என்ற நகர நடைபாதையை ஒட்டியும் டேட்டா சென்டர் கூடாது என்றது. அரிசோனாவின் சாண்ட்லர் இதற்கெல்லாம் முன்னாலேயே, 2022 டிசம்பரில், சத்தத்தை வைத்து விதி எழுதிவிட்டது.

தடை என்றால் கட்டவே முடியாது என்று அர்த்தமா?

அப்படி இருப்பது குறைவு. முழுத் தடை பெரும்பாலும் "நாங்கள் புது விதி எழுதி முடிக்கிறவரை பொறுங்கள்" என்பதுதான். நிரந்தரமாக நிற்பவை மற்ற வகை விதிகள்: உயரம், தூரம், சத்தம், தோற்றம், தண்ணீர், மின்சாரம். ஸ்டீல்காரர்கள் கவனிக்க வேண்டியவை இவைதான். இவை வேலையை நிறுத்துவதில்லை, வேலையின் வடிவத்தை மாற்றுகின்றன.

இது அமெரிக்காவில் மட்டும் நடக்கிற கூத்தா?

இல்லை, அமெரிக்காவே தாமதம்தான். ஆம்ஸ்டர்டாம் 2019 ஜூலையில் நிறுத்திவைத்தது. நெதர்லாந்து அரசு 2022 பிப்ரவரியில் 10 ஹெக்டேருக்கும் 70 மெகாவாட்டுக்கும் மேற்பட்ட ராட்சத மையங்களுக்கு நாடு முழுக்க ஒன்பது மாதத் தடை போட்டது. சிங்கப்பூர் 2019-இல் நிறுத்தி, 2022-இல் கதவைக் கொஞ்சம் திறந்து, 2023-இல் நான்கு திட்டங்களுக்குச் சேர்த்துச் சுமார் 80 மெகாவாட் மட்டும் கொடுத்தது. டப்ளினில் தடை என்று யாரும் பெயர் வைக்கவில்லை. மின்தொடரமைப்பை நடத்தும் நிறுவனம் புதிய இணைப்பு தர மறுத்தது, அவ்வளவுதான்.

டேட்டா சென்டரில் அப்படி என்ன ஸ்டீல் இருக்கிறது? பெரிய ஷெட்தானே?

வெளியிலிருந்து பார்த்தால் ஷெட் மாதிரிதான் தெரியும். உள்ளே பாரம் வேறு. அமெரிக்கப் பாரக் குறியீட்டில் சாதாரண அலுவலகத் தளத்துக்குச் சதுர அடிக்கு 50 பவுண்டு பயன்பாட்டுப் பாரம் (live load), அதாவது சதுர மீட்டருக்குச் சுமார் 245 கிலோ. கம்ப்யூட்டர் அறைகளுக்குக் குறைந்தபட்சம் அதைப் போல் இரு மடங்கு. நிஜத்தில் டேட்டா ஹால்களை 150 முதல் 350 பவுண்டு வரைக்கும் டிசைன் செய்கிறார்கள். என்விடியாவின் ஜிபி200 என்விஎல்72 ரேக் (சர்வர்களை அடுக்கும் அலமாரி) ஒன்றே ஏறக்குறைய 1.36 டன்.

தூண், உத்தரம், கூரை ஜாய்ஸ்ட் (கூரையைத் தாங்கும் இலகுவான பின்னல் உத்தரம்), டெக் ஷீட் (அதன் மேல் விரிக்கும் நெளி தகடு) போக, கூரை மேல் இயந்திரங்களைத் தாங்கும் டனேஜ் (dunnage) சட்டங்கள், மறைப்புத் திரைகள், பைப் ரேக்குகள், கேபிள் தாங்கிகள், ஜெனரேட்டர் மேடைகள், ஏணி, நடைபாதை எல்லாமே ஸ்டீல்தான். இவ்வளவு இருந்தும் மொத்தச் செலவில் கட்டடக் கூடு சிறு பகுதி. பணத்தில் பெரும்பங்கை மின்சாதனங்களும் குளிர்விப்பும் தின்கின்றன. இதை மனதில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்: உரிமையாளரைப் பொறுத்தவரை ஸ்டீல் சின்னச் செலவு. ஆனால் கால வரிசையில் அதுதான் முதலில் வந்து நிற்க வேண்டும்.

சரி, நேராகக் கேட்கிறேன். ஸ்டீல் ஆர்டர் குறையுமா குறையாதா?

தடை போட்ட ஊரில் குறையும். மொத்தமாகக் குறையுமா என்றால் இதுவரை பார்த்தவரை இடம் மாறுகிறது. சிங்கப்பூர் கதவை மூடியபோது நீரிணைக்கு அந்தப் பக்கம் மலேசியாவின் ஜோகூரில் கட்டுமானம் கிடுகிடுவென ஏறியது. வடக்கு வர்ஜீனியாவில் நெருக்கினால் தெற்கே, மேற்கே போகிறார்கள்.

ஆனால் ஸ்டீல் ஆலை தப்பிப்பது வேறு, உள்ளூர் ஃபேப்ரிகேட்டர் தப்பிப்பது வேறு. ஆலையின் உத்தரம் ரயிலேறி எங்கும் போகும். வெட்டி, துளையிட்டு, கிளிப் வைத்து வெல்டிங் செய்த சட்டத்தை நூற்றுக்கணக்கான மைல் லாரியில் ஏற்றினால் லாபம் வழியிலேயே கரைந்துவிடும். சட்டத்தைத் தளத்தில் தூக்கி நிறுத்தும் குழுக்களுக்கும் இதே நிலைதான். ஒரு கவுன்ட்டியை நம்பி ஆள் சேர்த்தவர்களுக்கு ஒரே ஒரு ஓட்டெடுப்பு போதும். டீடெய்லிங் மட்டும் செய்பவர்களுக்குத் தூரம் பிரச்சினையே இல்லை. அவர்களுக்கு வேறு தலைவலி, கடைசிக் கேள்வியில் சொல்கிறேன்.

உயரத்தைக் குறைக்கச் சொன்னால் தூண் குட்டையாகும், ஸ்டீல் மிச்சம்தானே?

தூணில் கொஞ்சம் மிச்சம், கூரையில் அதை விட நஷ்டம். டேட்டா ஹாலுக்குள் ரேக் உயரம், அதற்கு மேல் கேபிள் தட்டுகள், சூடான காற்று போகும் இடைவெளி என்று எல்லாம் நிர்ணயமானவை. குறைக்க மிஞ்சுவது கூரைச் சட்டத்தின் ஆழம் மட்டும். 60 அடி நீள ஜாய்ஸ்ட்டுக்குத் தர விதிப்படி குறைந்தது 30 அங்குல ஆழம் வேண்டும். அதற்கு இடமில்லை என்றால் ஆழம் குறைந்த, கனமான உத்தரத்துக்குப் போக வேண்டும். ஆழம் குறையக் குறைய, வளைவைக் கட்டுப்படுத்த எடையைத்தான் கொட்டியாக வேண்டும்.

இன்னொன்று. ஊர் விதியில் உயரம் எங்கிருந்து எதுவரை என்று படியுங்கள். சில ஊர்களில் கூரை மேல் இயந்திரமும் மறைப்புத் திரையும் உயரக் கணக்கில் சேரும், சிலவற்றில் சேராது. இந்த ஒரு வரியைப் பொறுத்து இயந்திரங்கள் கூரையில் உட்காருமா தரைக்கு இறங்குமா என்று முடிவாகும். தரைக்கு இறங்கினால் கூரைச் சட்டம் நன்றாக இளைத்துவிடும்.

எல்லையிலிருந்து தள்ளிக் கட்டு என்கிறார்கள். அதனால் கட்டடம் சின்னதாகுமா?

நிலம் மலிவான இடத்தில் சின்னதாகும். ஏக்கர் மில்லியன் டாலர் கணக்கில் விற்கும் இடத்தில் மேலே ஏறும். லவுடனில் இரண்டு மூன்று மாடி டேட்டா சென்டர்கள் வந்ததற்கு நில விலை முக்கியக் காரணம். மாடி என்றவுடன் நான் மேலே சொன்ன தளப் பாரம் மண்ணில் இறங்காமல் ஸ்டீலில் இறங்குகிறது. காங்கிரீட்டோடு சேர்ந்து வேலை செய்யும் கனமான உத்தரங்கள், பெரிய தூண்கள், பிரேசிங் (பக்கவாட்டு விசையைத் தாங்கும் குறுக்குச் சட்டம்), தீத்தடுப்புப் பூச்சு எல்லாம் வரும். சதுர அடிக்கு எத்தனை பவுண்டு ஸ்டீல் என்ற உங்கள் பழைய மதிப்பீட்டுக் கணக்கு இங்கே உதவாது.

சத்தத்துக்கும் ஸ்டீலுக்கும் என்ன சம்பந்தம்?

எனக்குத் தெரிந்து ஸ்டீல் அளவை அதிகம் மாற்றும் விதி இதுதான். மதிப்பீடு போடும்போது அதிகம் மறந்துபோவதும் இதுதான்.

சில்லர் (குளிர்விக்கும் இயந்திரம்) விசிறிகளின் இரைச்சல் இரவும் பகலும் ஓயாது. ஜெனரேட்டர்கள் சோதனை நாட்களில் ஓடும். எல்லைக் கோட்டில் இத்தனை டெசிபெல் தாண்டக்கூடாது என்று விதி வந்தால், முதலில் கூரையைச் சுற்றி ஒலித்தடுப்புத் திரை எழும். அது வெறும் மறைப்பு இல்லை, காற்றை முழுவதும் வாங்கும் சுவர். கூரைக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் பொருட்களுக்குக் காற்று விசையைக் கூட்டியே எடுக்கச் சொல்கிறது அமெரிக்கக் குறியீடு. அந்த விசை திரையின் கம்பங்கள் வழியாக டனேஜுக்கும், அங்கிருந்து கூரைச் சட்டத்துக்கும், கடைசியில் பிரேசிங்குக்கும் அஸ்திவாரத்தில் பதிக்கும் ஆங்கர் போல்ட்டுக்கும் இறங்கும். அஸ்திவாரம் ஊற்றிய பிறகு "திரையை நாலு அடி உயர்த்துங்கள்" என்று ஒலி நிபுணர் சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இரண்டாவது, சுவர். ஒலியைத் தடுப்பது எடை. சுவரின் எடையை இரட்டித்தால் சுமார் 6 டெசிபெல் குறையும் என்பது பொது விதி. தகட்டுச் சுவர் இதில் தோற்கும், முன்கூட்டியே வார்த்த (ப்ரீகாஸ்ட்) காங்கிரீட் பலகை ஜெயிக்கும். முகப்பு வெறும் தகரப் பெட்டியாகத் தெரியக்கூடாது என்று தோற்ற விதியும் சேர்ந்தால் வெளிச்சுவர் வேலை ஸ்டீலிடமிருந்து காங்கிரீட்டுக்கே போய்விடும். பல இடங்களில் வெளியே பலகைச் சுவர், உள்ளே ஸ்டீல் சட்டம் என்ற கலப்பு வந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

தண்ணீர் தரமாட்டோம் என்று ஊர் சொன்னால் அது பிளம்பர் பிரச்சினைதானே?

அரிசோனாவின் டூசான் நகரில் நடந்ததைப் பாருங்கள். 2025 ஆகஸ்டில் அந்த நகரசபை "ப்ராஜெக்ட் ப்ளூ" என்ற பெரிய வளாகத்தை நகர எல்லைக்குள் சேர்க்க ஒருமனதாக மறுத்தது. முக்கியமான எதிர்ப்பு தண்ணீரை ஒட்டியது. திட்டக்காரர்கள் நகரத் தண்ணீர் இல்லாமல், காற்றால் குளிர்விக்கும் முறைக்கு மாறுவதாக அறிவித்தார்கள்.

காற்றுக் குளிர்விப்பு என்றால் அதே வெப்பத்தை வெளியேற்ற அதிகப் பரப்பு, அதிக எண்ணிக்கையில் சில்லர்கள். அவை கூரையில் உட்கார்ந்தால் டனேஜ் பெருகும், சத்தமும் பெருகும். சத்தம் பெருகினால் மேலே சொன்ன திரைக் கதை மறுபடியும். ஒரு விதியைச் சமாளிக்கச் செய்யும் மாற்றம் அடுத்த விதியில் போய் முட்டுவது இந்த வேலையில் சகஜம்.

கரண்ட் இணைப்பு கிடைக்கவில்லை என்றால் வேலை முடிந்தது, அப்படித்தானே?

பணம் உள்ளவர்களுக்கு முடிவதில்லை. அயர்லாந்தில் 2023-இல் நாட்டின் அளவிடப்பட்ட மின் பயன்பாட்டில் 21 சதவீதம் டேட்டா சென்டர்களுக்குப் போனது. டப்ளினில் இணைப்பு அடைபட்டதும் வளாகத்துக்குள்ளேயே எரிவாயு மின்நிலையம் வைக்கும் யோசனைகள் கிளம்பின. அமெரிக்காவிலும் இதே போக்கு. டர்பைன் கூடம், பைப் ரேக், துணைமின்நிலையச் சட்டங்கள் என்று அது தனி ஸ்டீல் வேலை. ஆனால் அது கனரகத் தொழிற்சாலை வகை. கிடங்குக் கூரை செய்து பழகிய பட்டறைக்கு அது உடனே கைவராது.

பி.இ.பி. (pre-engineered building) போட்டால் சீக்கிரம் முடியுமே, அனுமதி தாமதத்தை ஈடுகட்டலாம் இல்லையா?

முன்கூட்டியே வடிவமைத்து ஆலையிலிருந்து மொத்தமாக வரும் அந்தக் கட்டடங்கள் வேகமானவைதான். ஒரே மாடி, கூரையில் பாரம் இல்லை, இயந்திரம் எல்லாம் தரையில் என்றால் தாராளமாகப் போடலாம்.

ஆனால் பி.இ.பி.யின் சிக்கனமே தேவைக்கு மேல் ஒரு கிலோ கூட வைக்காததில் இருக்கிறது. ஊர்க்கூட்டத்தில் திரை உயரமோ கூரை இயந்திரமோ மாறினால் நெகிழ்வு கிடையாது. மொத்த ஃப்ரேமையும் திரும்பக் கணக்குப் போட வேண்டும். விதிகள் இன்னும் அசைந்துகொண்டிருக்கும் ஊரில் நான் வழக்கமான உருட்டு உத்தரச் சட்டத்தைத்தான் சொல்வேன். அதில் ஒரு அளவு ஏற்றிப் போட்டுச் சமாளிக்கலாம்.

அனுமதி வராமலேயே ஏன் ஸ்டீல் ஆர்டர் போடுகிறார்கள்? பைத்தியக்காரத்தனமாக இல்லையா?

ஸ்டீல் முதலில் வர வேண்டியது, அதே சமயம் மொத்தத்தில் சின்னச் செலவு என்று மேலே சொன்னேன் அல்லவா, காரணம் அதுதான். சர்வர் ஓடத் தொடங்குவது ஒரு மாதம் தள்ளினால் வரும் இழப்போடு ஒப்பிட்டால், ஆலையில் இடம் பிடிக்க முன்பணம் கட்டுவது பெரிதில்லை. ஆலைகள் ஒவ்வொரு அளவையும் சுழற்சி முறையில்தான் உருட்டும். ஒரு சுற்றைத் தவறவிட்டால் அடுத்த சுற்றுவரை காத்திருக்க வேண்டும். 2021, 2022-இல் ஜாய்ஸ்ட்டுக்கும் டெக்குக்கும் மாதக்கணக்கில் நின்ற வரிசை பலருக்கும் ஞாபகம் இருக்கும். அதற்குப் பிறகு முன்கூட்டியே வாங்குவது பழக்கமாகிவிட்டது. அப்புறம் 2025 மார்ச்சில் இறக்குமதி ஸ்டீலுக்கு 25 சதவீத வரி, ஜூனில் அது 50. விலை ஏறுமுன் பூட்டிவிடலாம் என்ற அவசரமும் சேர்ந்துகொண்டது.

உரிமையாளருக்கு இது புத்திசாலித்தனம். அந்த அபாயம் ஒப்பந்தத்தில் யார் தலையில் விழுகிறது என்பதுதான் நீங்கள் பார்க்க வேண்டியது.

ஆர்டர் போட்ட பிறகு தடை வந்துவிட்டது. பழைய விதிப்படியே கட்ட உரிமை இருக்கிறதா?

மாநிலத்துக்கு மாநிலம் மாறும். வாஷிங்டன் மாநிலத்தில் முழுமையான விண்ணப்பம் கொடுத்த நாளின் விதியே பொருந்தும். டெக்சாஸிலும் முதல் விண்ணப்பத்தின் தேதிக்கு மதிப்பு உண்டு. பல மாநிலங்களில் அனுமதி கையில் இருக்க வேண்டும், அதை நம்பி நல்லெண்ணத்தோடு கணிசமாகச் செலவும் செய்திருக்க வேண்டும். மண்ணில் ஊற்றிய அஸ்திவாரம் இதற்கு வலுவான சாட்சி. எங்கோ ஒரு பட்டறையில் கிடக்கும் உத்தரம் அந்த அளவுக்கு வலுவில்லை. இது கட்டாயம் உள்ளூர் வழக்கறிஞரிடம் கேட்க வேண்டிய விஷயம்.

அனுமதி வந்துவிட்டதே என்று நிம்மதியாக இருக்கவும் முடியாது. வர்ஜீனியாவில் பிரின்ஸ் வில்லியம் கவுன்ட்டி 2,100 ஏக்கருக்கு மேற்பட்ட "டிஜிட்டல் கேட்வே" திட்டத்துக்கு 2023 டிசம்பரில் நில வகை மாற்றம் கொடுத்தது. பொது அறிவிப்பு முறையாகக் கொடுக்கப்படவில்லை என்று 2025 ஆகஸ்டில் நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. வழக்கு மேல்முறையீட்டுக்குப் போனது. பத்திரிகை விளம்பரத்தில் நடந்த பிசகு ஒரு பெரிய வளாகத்தையே நிறுத்திப்போடலாம்.

வேலை ரத்தானால் செய்து முடித்த ஸ்டீலை வேறு கட்டடத்துக்கு விற்கலாமா?

எந்தக் கட்டத்தில் நின்றது என்பதைப் பொறுத்தது. ஆலையிலிருந்து வந்த முழுநீள உத்தரம் பணம் மாதிரி, எங்கும் செல்லும். வெட்டித் துளை போட்டதைச் சுருக்கி வேறு இடத்தில் போடலாம், ஆனால் பாதி விலை மனநிலைக்கு வந்துவிட வேண்டும். டெக் ஷீட் வடிவமும் தடிப்பும் பொருந்தினால் போகும். ஜாய்ஸ்ட் ஒவ்வொன்றும் அந்தந்த நீளத்துக்கும் பாரத்துக்கும் செய்தது, அதை வாங்க ஆள் தேடுவது சிரமம். பி.இ.பி. ஃப்ரேமைப் பெரும்பாலும் எடைக்குத்தான் போட வேண்டும்.

அதனால் ரத்துப் பிரிவை ஒரே தொகையாக எழுதாதீர்கள். மில் ஆர்டர் போட்ட பின், வெட்டத் தொடங்கிய பின், பெயின்ட் அடித்த பின் என்று படிப்படியாக எழுதுங்கள்.

ரத்து இல்லை, நிறுத்தி மட்டும் வைத்திருக்கிறார்கள். ஒரு வருடம் யார்டில் கிடந்தால் ஸ்டீல் கெட்டுவிடுமா?

ஸ்டீல் கெடாது, அதன் மேல் இருப்பது கெடும். பட்டறையில் அடிக்கும் பிரைமர் குறுகிய காலப் பாதுகாப்புக்கு மட்டும் என்று அமெரிக்க ஸ்டீல் கட்டுமான நிறுவனத்தின் நடைமுறைக் கோவையிலேயே சொல்லியிருக்கிறது. கால்வனைஸ் செய்த டெக் ஷீட்டை ஈரத்தோடு அடுக்கினால் இடையில் வெள்ளைத் துரு பூக்கும். ஒரு பக்கம் உயர்த்தி, காற்றோட்டம் விட்டு அடுக்குங்கள். அதிவலு போல்ட்டுகளை மூடிய டப்பாவிலேயே வைக்க வேண்டும். எண்ணெய்ப் பசை காய்ந்த போல்ட் முறுக்கும்போது சரியான இழுவிசையைத் தராது.

பணத்தைப் பொறுத்தவரை, தளத்துக்குப் போகாத பொருளுக்கும் பில் போடலாம் என்று ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். பொதுவாக உரிமை மாற்றப் பத்திரம், காப்பீடு, தனியாக அடையாளம் போட்டு அடுக்கியதற்குப் புகைப்படம் கேட்பார்கள். யார்டு வாடகையையும் சேர்த்து எழுதுங்கள், பலர் அதை விட்டுவிடுகிறார்கள்.

கிடங்கு என்று அனுமதி வாங்கிக் கட்டிவிட்டு, பிறகு உள்ளே சர்வர் வைத்தால்?

நில விதி பார்ப்பது பயன்பாட்டை. பயன்பாடு மாறினால் புது அனுமதி. விதியை விடுங்கள், கிடங்குக் கூரை சில்லரைத் தாங்காது. பின்னால் வலுப்படுத்துவது புதிதாகச் செய்வதை விடச் செலவு. ஆரம்பத்திலேயே கனமாக டிசைன் செய்தால் வரைபடத்தைப் பார்க்கும் அதிகாரிக்கே சந்தேகம் வரும்.

நாங்கள் டேட்டா சென்டர் வேலையே எடுப்பதில்லை. எங்களுக்கு ஏன் இது?

பள்ளிக்கூடமோ கிடங்கோ கட்டினாலும் அதே ஜாய்ஸ்ட் ஆலை, அதே நிறுத்தும் குழு. பக்கத்துக் கவுன்ட்டியில் தடை வந்தால் சில மாதங்களுக்கு ஆள் கிடைப்பது சுலபமாகும், ஆலையில் இடமும் கிடைக்கும். தடை வரப்போகிறது என்ற பேச்சு கிளம்பினால் நேர்மாறு: எல்லோரும் விண்ணப்பத்தையும் ஆர்டரையும் அவசரமாகத் தள்ளுவார்கள், வரிசை நீளும். ஊர்க்கூட்ட நிகழ்ச்சி நிரலைப் படிக்கும் ஃபேப்ரிகேட்டர்கள் இதனால்தான் உருவாகியிருக்கிறார்கள்.

நாங்கள் டீடெய்லிங் மட்டும். மாடலை முடித்துக் கொடுத்தால் எங்கள் வேலை தீர்ந்தது, இல்லையா?

தீராது. மேலே சொன்ன ஒவ்வொரு மாற்றமும் உங்கள் மாடலில்தான் முதலில் வந்து விழும். திரை உயர்ந்தால் டனேஜ் இணைப்புகள் மாறும், பிரேசிங் விசை மாறினால் கசெட் பிளேட் (இணைப்புத் தகடு) மாறும், ஏற்கெனவே ஒப்புதல் வாங்கிய ஷாப் டிராயிங் திரும்ப வரும். இதை இலவசத் திருத்தமாக வாங்கிக்கொள்கிறவர்கள் நிறையப் பேர்.

வேலை எடுக்குமுன் நாலு விஷயம் கேளுங்கள். நில அனுமதி கிடைத்துவிட்டதா, மேல்முறையீட்டுக் காலம் முடிந்ததா? ஒலி ஆய்வு முடிந்ததா, அதில் திரை உயரம் என்ன? கூரை இயந்திரங்களின் எடையும் இடமும் இறுதியானவையா, உத்தேசமா? வேலை நிறுத்திவைக்கப்பட்டால் அதுவரை செய்த மணிநேரத்துக்கு எந்தத் தேதியில் பில்? மூன்றாவதுக்கு "உத்தேசம்" என்று பதில் வந்தால் கூரை டனேஜைத் தனித் தொகுப்பாகப் பிரித்து விலை சொல்லுங்கள். முதன்மைச் சட்டத்தை வெளியிட்ட பிறகும் அதைக் கையில் வைத்திருக்கலாம். அவர்கள் அவசரப்படுத்தினால், எந்தத் தேதியிட்ட பாரத் தாளை நம்பி வரைந்தீர்கள் என்பதை ஒவ்வொரு டிராயிங்கிலும் எழுதிவிட்டு அனுப்புங்கள்.